வைத்திருந்தாலே குற்றம்: துப்பாக்கிச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த சட்டக் கேள்விகளில் பல, துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றியவை. அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் அமெரிக்காவில் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோரும் உறவினரும். ‘அங்கே யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாமே’ என்ற நம்பிக்கை ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் தென்படுகிறது. நம் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய நம்பிக்கை அது என்பதால், முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

*

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் டெக்சாஸ் மாநிலத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறான். அவன் குடியிருப்பில் திருட்டு நடந்த பிறகு, உடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பர் ஒருவர் தம்முடைய கைத்துப்பாக்கியைப் ‘பாதுகாப்புக்கு வைத்துக்கொள்’ என்று கொடுத்திருக்கிறாராம். அந்த மாநிலத்தில் உரிமமே தேவையில்லை என்று மகன் சொல்கிறான். நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?
— ஓய்வுபெற்ற சுரங்கப் பணியாளர், நெய்வேலி

பதில்: ஐயா, நீங்கள் கவலைப்படுவது முற்றிலும் நியாயம். மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி பெற்ற, 21 வயது நிறைந்த ஒருவர், உரிமம் எதுவும் பெறாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று டெக்சாஸ் மாநிலம் 2021 செப்டம்பர் முதல் அனுமதித்திருக்கிறது. உங்கள் மகன் கவனிக்கத் தவறியது ‘சட்டப்படி தகுதி பெற்ற’ என்ற சொற்களைத்தான். யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்பதை மாநிலச் சட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு மேல் அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வேர்கொண்டு, இன்று அந்நாட்டின் 18-ஆவது சட்டத் தொகுப்பில் 922(ஜி) என்ற பிரிவாக அது நிற்கிறது. துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாதவர்கள் யார் யார் என்று அப்பிரிவு வகை பிரித்துச் சொல்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், நீதிக்குத் தப்பி ஓடியவர், தடைசெய்யப்பட்ட போதைப்பொருளைப் பயன்படுத்துபவர், குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவர் என்று செல்லும் அந்த வரிசையில், குடியேறா விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவரும் ஒரு வகையினர்.

எச்-1பி குடியேறா விசாதான். மாணவர்களுக்கான எஃப்-1, நிறுவனப் பணியிட மாற்றத்துக்கான எல்-1, மனைவி அல்லது கணவருக்கான எச்-4, பேரக்குழந்தையைப் பார்க்க நீங்கள் போகும்போது வாங்கும் பி-2 ஆகிய அனைத்தும் அவ்வகையே. பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். இந்தியர்களுக்கு அந்தக் காத்திருப்பு பத்தாண்டுகளையும் தாண்டுகிறது. அதற்குள் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வரியும் ஒழுங்காகக் கட்டி, எல்லா வகையிலும் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுகிறார்கள். ஆனால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கைக்கு வரும்வரை இந்தத் தடை அவர்களை விடாது.

தடைக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றுள் நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்டு நடப்பில் உள்ள வேட்டை உரிமம். அந்த உரிமம் கையில் இருந்தால் விசாக்காரரும் துப்பாக்கி வைத்திருக்கலாம். இதைக் கேள்விப்பட்டவுடன் மகனை இன்றே வேட்டை உரிமம் வாங்கச் சொல்லிவிடலாம் என்று தோன்றக்கூடும். இன்று வாங்கும் உரிமம் நேற்றுவரை வைத்திருந்ததை நேர்படுத்தாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இனித் தண்டனை. முன்பு பத்தாண்டுகளாக இருந்த உச்சத் தண்டனையை 2022 ஜூன் மாதம் இயற்றப்பட்ட சட்டம் 15 ஆண்டுகளாக உயர்த்திவிட்டது. அபராதம் 2,50,000 டாலர் வரை போகலாம். ஒன்றிய அரசின் சிறைகளில் பரோல் என்பது 1987 நவம்பருக்குப் பிறகு செய்யப்பட்ட குற்றங்களுக்குக் கிடையாது. முதல் முறை சிக்குபவருக்கு நடைமுறையில் இவ்வளவு நீண்ட தண்டனை கிடைப்பது அரிது. ஆனால் தண்டனை சிறியதாக இருந்தாலும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டம் தனியாகச் சொல்கிறது. சிறைவாசம் முடியும் இடத்தில் விமானச்சீட்டு காத்திருக்கும்.

‘அது எனக்குச் சொந்தமில்லை, நண்பருடையது’ என்ற பதில் உதவாது. சட்டம் கேட்பது யார் பெயரில் வாங்கப்பட்டது என்பதை அல்ல, யார் கைவசம் இருந்தது என்பதை. படுக்கையறை அலமாரியில் பூட்டி வைத்து, சாவியை மகன் வைத்திருந்தால் அது அவன் கைவசம்தான். துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் வைத்திருந்ததாகவே கொள்ளப்படலாம்.

இதற்குச் சான்றாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஹமீத் ரெஹைஃப் என்ற மாணவர் புளோரிடாவில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் படிக்கச் சென்றார். மதிப்பெண் குறைவால் அவரைக் கல்வி நிலையம் நீக்கியது. மாணவர் விசாவின் தகுதியும் அதோடு போயிற்று. அதன் பிறகு அவர் ஒரு பயிற்சிக் கூடத்துக்குச் சென்று சுட்டார். யாரையும் காயப்படுத்தவில்லை, மிரட்டவும் இல்லை. ஆனாலும் வழக்குத் தொடரப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், துப்பாக்கியை வைத்திருந்தது அவருக்குத் தெரியும் என்பதோடு, தாம் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்ற நிலையும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்பலாம் என்று உங்கள் மகனிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அத்தீர்ப்பு கேட்பது தம் விசா நிலை அவருக்குத் தெரியுமா என்பதை. எச்-1பி ஒப்புதல் கடிதத்தைக் கோப்பில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பொறியாளர், தம் விசா என்னவென்று தெரியாது என்று எந்த நீதிமன்றத்தில் சொல்ல முடியும்? அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்பதை நீதிமன்றங்கள் தற்காப்பாக ஏற்பதில்லை.

மகன் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தத் துப்பாக்கியைத் தானே காரில் ஏற்றி எங்கும் கொண்டுபோகக் கூடாது. வேறொருவருக்கு விற்கவோ கொடுக்கவோ எறியவோ கூடாது. அந்த ஊரில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை, முடிந்தால் குடியேற்றச் சட்டமும் அறிந்தவரை, உடனே அணுக வேண்டும். வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நண்பர்களிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்வதற்கு இல்லை. துப்பாக்கியை யார், எப்படி எடுத்துச் செல்வது என்பதை அந்த வழக்கறிஞர் ஏற்பாடு செய்வார். உதவி செய்வதாக நினைத்த அந்த நண்பருக்கும் இதைத் தெரிவிப்பது நல்லது. தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படிக் கருத நியாயமான காரணம் இருந்தோ ஒருவருக்குத் துப்பாக்கி கொடுப்பதும் அதே 15 ஆண்டுத் தண்டனைக்கு உரிய குற்றம்.

*

கேள்வி: என் மைத்துனர் அமெரிக்கக் குடிமகன். விசாவில் இருக்கும் நண்பருக்காக அவர் தம் பெயரில் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் தவறா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பெருந்தவறு. உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும்போது 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அதில் ஒரு கேள்வி உண்டு; அதில் பொய்யாகக் கையெழுத்திடுவதே தனிக் குற்றம். வர்ஜீனியாவில் காவல் துறையில் முன்பு பணிபுரிந்த ஆப்ராம்ஸ்கி என்பவர், துப்பாக்கி வைத்திருக்க எல்லாத் தகுதியும் உள்ள தம் மாமாவுக்காகவே ஒன்றை வாங்கினார். அப்படியிருந்தும் அவர் குற்றவாளியே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தகுதியற்ற ஒருவருக்காகப் பினாமியாக வாங்குவதை 2022-இன் சட்டம் 15 ஆண்டு வரை தண்டிக்கத்தக்க தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. மைத்துனரிடம் இன்றே பேசிவிடுங்கள்.

*

கேள்வி: என் மகள் திருமணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். மாப்பிள்ளை பச்சை அட்டை பெற்றவர். கோபம் வந்தால் அடிக்கிறார். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. ஒருமுறை அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்று தோழி சொல்கிறாளாம். ஆணை கிடைத்தால் துப்பாக்கியை வாங்கிவிடுவார்களா?
— தாய், வில்லியனூர்

பதில்: அம்மா, மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார் என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அது மிரட்டல். மகள் தனியாக இருக்கும் நேரத்தில் தோழியின் துணையோடு, குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றைத் தொடர்புகொள்வது முதல் வேலை. உடனடி ஆபத்து என்றால் 911 எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். குடும்ப மானம் என்று எதையும் இந்த இடத்தில் யோசிக்காதீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். மாப்பிள்ளை நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர் என்பதால் விசாத் தடை அவருக்குப் பொருந்தாது. ஆனால் 922(ஜி) பிரிவின் எட்டாம் வகை, வாழ்க்கைத் துணையை மிரட்டவோ துன்புறுத்தவோ பின்தொடரவோ கூடாது என்று நீதிமன்ற ஆணைக்கு உள்ளானவரைப் பற்றியது. அந்த ஆணை நடப்பில் உள்ளவரை அவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஒன்றியக் குற்றம். டெக்சாஸைச் சேர்ந்த ராஹிமி என்பவர், இந்தத் தடை அரசியலமைப்பு தரும் ஆயுத உரிமைக்கு எதிரானது என்று வழக்காடினார். உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் மாதம், எட்டு நீதிபதிகள் ஒருபக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிறருடைய உயிருக்கு நம்பத்தக்க அச்சுறுத்தலாக இருப்பதாக நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்ற அந்த முடிவு, உங்கள் மகள் போன்ற பெண்களுக்குப் பெரிய அரண்.

இரண்டு நுணுக்கங்களை மகள் அறிந்திருக்க வேண்டும். முதலாவதாக, எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு கொடுத்து, அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்த விசாரணைக்குப் பின் பிறப்பிக்கப்பட்ட ஆணைக்கே இந்த ஒன்றியத் தடை பொருந்தும். மனு கொடுத்த அன்றே ஒருதரப்பாகக் கிடைக்கும் தற்காலிக ஆணைக்குப் பொருந்தாது. சில மாநிலங்களின் சட்டம் அந்த இடைவெளியையும் அடைத்திருக்கிறது என்பதால், அந்த மாநில வழக்கறிஞரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். இரண்டாவதாக, ஒன்றியச் சட்டம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறதே தவிர, ஆணை பிறந்த மறுநாள் வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பெற்றுச் செல்லும் ஏற்பாட்டைத் தானாகச் செய்வதில்லை. ஆகவே வீட்டில் எத்தனை துப்பாக்கிகள், எங்கே இருக்கின்றன என்பதை மனுவிலேயே எழுதி, அவற்றை ஒப்படைக்கும்படி ஆணையில் சேர்க்குமாறு நீதிபதியிடம் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டதால் அலமாரியிலேயே துப்பாக்கி தங்கிவிடக் கூடாது.

அடித்த குற்றத்துக்காக அவர் தனியே தண்டிக்கப்பட்டால், அது சிறு குற்ற வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும் 1996-இல் சேர்க்கப்பட்ட ஒன்பதாம் வகை அவருக்குப் பொருந்தும். மனைவிக்கு எதிரான வன்முறையில் அந்தத் தடைக்குக் கால வரம்பு கிடையாது.

*

கேள்வி: கலிபோர்னியாவில் பச்சை அட்டையோடு வாழும் என் அண்ணன் மகன், அங்கே கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்று அவ்வப்போது பயன்படுத்துகிறான். துப்பாக்கியும் வைத்திருக்கிறான். இரண்டும் அங்கே சட்டப்படி சரிதானே?
— வாசகர், சிதம்பரம்

பதில்: மாநிலச் சட்டப்படி இரண்டும் தனித்தனியே அனுமதிக்கப்பட்டிருக்கலாம். ஒன்றியச் சட்டப்படி கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளே; அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருப்பது 922(ஜி) பிரிவின் மூன்றாம் வகைக் குற்றம். இந்தத் தடையின் எல்லை எதுவரை என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்திருக்கிறது. அந்தச் சர்ச்சைக்கு விடை காணும் வழக்காக உங்கள் அண்ணன் மகனின் வழக்கு அமைய வேண்டியதில்லை. குடிமகன் அல்லாத ஒருவருக்குக் கஞ்சாவே குடியேற்றச் சட்டத்தில் தனிச் சிக்கல் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

*

கேள்வி: ஒரே துப்பாக்கிக்காக மாநில அரசும் ஒன்றிய அரசும் ஒருவரைத் தனித்தனியே தண்டிக்க முடியும் என்று படித்தேன். ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது என்ற கோட்பாடு அங்கே இல்லையா? நம் நாட்டில் இது சாத்தியமா?
— சட்டக் கல்லூரி மாணவி, காலாப்பட்டு

பதில்: கோட்பாடு இருக்கிறது. ஆனால் மாநிலமும் ஒன்றியமும் தனித்தனி இறையாண்மை உடையவை. இரண்டின் சட்டத்தையும் மீறினால் அவை இரண்டு குற்றங்கள் என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நெடுநாளைய விளக்கம். அலபாமாவில் போக்குவரத்துச் சோதனை ஒன்றில் கேம்பிள் என்பவரின் காரில் கைத்துப்பாக்கி கிடைத்தது. முன்பே தண்டனை பெற்றவர் என்பதால் மாநிலம் அவரைத் தண்டித்தது. அதே துப்பாக்கிக்காக ஒன்றிய அரசும் வழக்குத் தொடர்ந்தது. இது செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கின்ஸ்பர்க், கோர்சச் என்ற, பல விஷயங்களில் எதிரெதிர் நோக்குடைய இரு நீதிபதிகள் இதில் ஒருசேர மாறுபட்டு எழுதியிருக்கிறார்கள். மாணவி என்ற முறையில் அந்த மாறுபட்ட தீர்ப்புரைகளை நீங்கள் படிக்க வேண்டும். எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. தண்டிக்கப்படும் மனிதன் ஒருவனே; அவன் முன் நிற்கும் அரசுகள் இரண்டு என்பது அவனுக்கு என்ன ஆறுதல் தரும்?

ஒன்றிய அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். பொதுவான காவல் அதிகாரம் அங்கே மாநிலங்களுடையது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பற்றிக்கொண்டுதான் ஒன்றியம் துப்பாக்கிச் சட்டம் இயற்றுகிறது. 1995-இல் லோபஸ் வழக்கில், பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வணிகத்தோடு தொடர்பில்லை என்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 922(ஜி) வழக்குகளில் அந்தத் துப்பாக்கி எப்போதாவது மாநில எல்லையைக் கடந்து வந்தது என்று காட்டினால் போதும். வேறு மாநிலத்தில் தயாரானது என்று ஒரு நிபுணர் சாட்சி சொன்னாலே அது நிறைவேறிவிடும்.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் ஐந்தாம் இனமே ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிமருந்துகள் பற்றியது. ஆகவே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்றே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொருந்துகிறது. ஒரே குற்றத்துக்கு இருமுறை வழக்குத் தொடர்ந்து தண்டிப்பதை 20(2)-ஆம் கூறு தடுக்கிறது.

*

கேள்வி: எங்கள் பழைய வீட்டை இடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, கோணியில் சுற்றிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. தாத்தா காலத்தில் பன்றி விரட்ட வைத்திருந்ததாம். அவர் பெயரில் இருந்த உரிமப் புத்தகமும் கிடைத்தது. அது காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. துருப்பிடித்த இரும்புதானே என்று பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் தம்பி. கடலூரில் இருக்கும் சித்தப்பா நினைவுக்காகத் தமக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?
— விவசாயி, பாகூர்

பதில்: தம்பி சொல்வதையும் சித்தப்பா சொல்வதையும் இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலில் அந்தத் துப்பாக்கியைக் கிடைத்த இடத்திலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், குழல் சுவரைப் பார்க்கும்படி வைத்து அறையைப் பூட்டுங்கள். துடைப்பது, எண்ணெய் போடுவது, கழற்றிப் பார்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியாக இருந்தால், கடைசியாக வைத்தவர் கெட்டித்தபடியே வைத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். பார்வைக்கு அது தெரியாது.

ஆயுதச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மீறினால் 25(1பி)(ஏ) பிரிவின்கீழ், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தாத்தாவின் உரிமம் தாத்தாவோடு முடிந்துவிட்டது. அது உங்களுக்கு உரிமம் ஆகாது. இத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்ததற்காக உங்களைத் தண்டிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். வைத்திருந்தார் என்று சொல்ல, அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன்மீது அவருக்குக் கட்டுப்பாடும் இருக்க வேண்டும் என்று குன்வந்த்லால் வழக்கில் 1972-இல் நம் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தெரியாதவரை உங்கள்மீது குற்றமில்லை. இப்போது தெரிந்துவிட்டது. இனி நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகவே பேசும்.

சட்டம் இதற்கு வழியும் வைத்திருக்கிறது. வைத்திருப்பது எந்தக் காரணத்தாலாவது சட்டப்படி செல்லாததாகிவிட்ட ஆயுதத்தை, தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. வீட்டை இடிக்கும்போது கிடைத்தது, கிடைத்த தேதி, உடன் இருந்தவர்கள், தாத்தாவின் உரிம எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்துக்கு ஒரு மனுவும், மாவட்ட நடுவராக இருக்கும் ஆட்சியருக்கு அதன் படியும் கொடுங்கள். மனுவைப் பெற்றதற்கான ஒப்புதலை வாங்காமல் திரும்ப வேண்டாம். துப்பாக்கியை இருசக்கர வாகனத்தில் கோணியோடு கட்டி நீங்களே எடுத்துப் போகாமல், வந்து எடுத்துக்கொள்ளும்படி மனுவிலேயே கேளுங்கள். ஒப்படைத்ததற்கு, துப்பாக்கியின் வகை, எண், நிலை ஆகியவை எழுதப்பட்ட ரசீது வாங்குங்கள்.

சித்தப்பாவின் விருப்பத்துக்கும் வழி உண்டு. இறந்த உரிமதாரரின் வாரிசு, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மையோடு, பரம்பரை ஆயுதம் என்ற அடிப்படையில் தம் பெயரில் உரிமம் கேட்கலாம். காவல் துறையின் அறிக்கையைப் பெற்று உரிம அதிகாரி முடிவெடுப்பார். சித்தப்பா கடலூர்வாசி என்பதால் அவர் விண்ணப்பிக்க வேண்டியது கடலூர் மாவட்ட ஆட்சியரிடம். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம் என்ற 2019-ஆம் ஆண்டு வரம்பு பரம்பரை ஆயுதத்துக்கும் பொருந்தும். உரிமம் வருவதற்கு முன் அதை முள்ளோடை சோதனைச் சாவடி வழியாகக் கடலூருக்குக் கொண்டு செல்ல நினைத்தால், கொடுத்தவர் நீங்களும் வாங்கியவர் அவரும் ஆவீர்கள். உரிமம் பெற்ற பிறகும் அது எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பதை உரிமப் புத்தகத்தில் பாருங்கள். நம் வட்டாரத்தில் ஒருவருக்கு வீடு தமிழ்நாட்டிலும் நிலம் புதுச்சேரியிலும் இருப்பது சகஜம். வரப்பு தாண்டுவதைப் போல் துப்பாக்கியோடு எல்லை தாண்ட முடியாது.

தம்பி சொல்லும் ‘துருப்பிடித்த இரும்பு’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்கால மாதிரியாகவோ பழுதடைந்தோ, பழுது பார்த்தாலும் சுடப் பயன்படாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கு 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அது அந்த நிலையில் இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியவர் ஆயுதங்களைப் பரிசோதிக்கும் நிபுணர். உங்கள் தம்பியும் அல்லர், பழைய இரும்புக் கடைக்காரரும் அல்லர். கடைக்குப் போனது யார் கைக்குப் போகும் என்பதும் தெரியாது. அது ஒரு குற்றத்தில் பயன்படுத்தப்பட்டால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

பன்றித் தொல்லை இன்றும் இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்றே வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் துப்பாக்கிக்கான உரிமம், விலங்கைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. அதற்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியே இருப்பதால், வனத்துறையைக் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

*

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் பேரன் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வந்ததன் நினைவாக ஒரு தோட்டாவைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது அதைக் கொண்டுவரலாமா?
— வாசகி, பண்ருட்டி

பதில்: கூடவே கூடாது. பேரன் எஃப்-1 விசாவில் இருந்தால், தோட்டாவையும் சேர்த்தே தடுக்கும் 922(ஜி) பிரிவின்படி, மருந்து நிறைந்த தோட்டாவை வைத்திருப்பது அங்கேயே குற்றம். நெய்வேலி வாசகருக்கு எழுதிய பதிலை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். பயிற்சிக் கூடத்துக்கு இனிப் போகவும் வேண்டாம். இங்கே சென்னை விமான நிலையச் சோதனையில் தோட்டா கிடைத்தால், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அவனைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள்; ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகும். பையில் கிடந்தது தெரியாமலே ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்டவர்கள்மீதான வழக்குகள் சிலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. தெரிந்தே சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வருபவர் அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே மருந்து இல்லாத வெற்று உறைதான் என்றாலும், சோதனை மேசையில் நிற்கும் காவலருக்கு அது தோட்டாவாகவே தெரியும். வெற்று உறை என்று நிரூபணமாவதற்குள் அடுத்த விமானமும் போய்விடும். ஊருக்குப் புறப்படும் முன் பழைய பைகளின் உள்ளறைகளையும் ஒருமுறை கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.